திரும்பி வந்த பெற்றோல்

உலகத்தில் மேன்மையானவை எல்லாம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். கடலுக்குப் போன மழை திரும்பி வரும். வியாபாரத்துக்குப் போன தீவுக்காரன் திரும்பி வருவான். ஆன்மாவும் அப்படியே என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இறுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளையர் இந்த மாபெரும் உண்மையைத் தம் அறுபதாவது வயதில் கண்டடைந்தார். காருக்குக் கீழே விழுந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் குனிந்து எடுக்கும்போது கண்டடைந்தார். அங்கே பெற்றோல் போகும் குழாய்க்குப் பக்கத்திலேயே பெற்றோல் திரும்பி வரும் குழாய் ஒன்று இருந்தது.

கார் பிரெஞ்சுக்காரன் செய்தது. கொழும்பில் ஏதோ ஒரு தூதரகத்தார் ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்டதை, கப்பல் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய ஆழ்வாப்பிள்ளையர் எடுத்துப் புங்குடுதீவில் இருக்கும் தம் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். அதன் பின்பக்கத்தில் ‘இஞ்செக்சன்’ என்று மினுங்கும் ஆங்கில எழுத்தில் ஒரு பட்டயத் தகடு இருந்தது. ஊரார் அதை ஊசிக்கார் என்றார்கள். மற்றக் கார்களில் கார்பரேற்றர் என்று ஒரு கிண்ணம் இருக்கும். பெற்றோல் அதற்குள் வந்து காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் போகும். இதில் அந்தக் கிண்ணம் இல்லை. பின்னால் இருக்கும் மின்சாரப் பம்ப் பெற்றோலைத் தேவைக்கு மேலாகவே முன்னுக்குத் தள்ளும். எஞ்சின் வேண்டியதைப் பீச்சி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்பு குழாயால் பெற்றோல் தாங்கிக்கே அனுப்பிவிடும். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அது எழுபதுகளின் நடுப்பகுதி. பெற்றோல் விலை ஏறி, கார் வைத்திருந்தவர்கள் அதைக் கோழி அடைக்கப் பாவித்த காலம். அந்தக் காலத்தில் ஒருவர் தம்முடைய கார் பெற்றோலைத் திருப்பித் தரும் என்று சந்தையில் நின்று சொன்னால், கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருப்பவர்களும் நிமிரத்தான் செய்வார்கள். எவ்வளவு திருப்பித் தரும் என்று ஒருவர் கேட்டார். அது ஓட்டத்தைப் பொறுத்தது என்றார் ஆழ்வாப்பிள்ளையர். அப்படியென்றால் கூட ஓடினால் கூடத் தருமோ என்று இன்னொருவர் கேட்டார். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்த வருடமே உப்புக்காற்று அந்தப் பீச்சும் கருவியைத் தின்றுவிட்டது. உதிரிப்பாகம் எடுக்க வழியில்லை. இறக்குமதி எல்லாம் நின்றிருந்தது. கார் ஒரு மாதம் வேப்பமரத்தின் கீழ் நின்றது. பிறகு ஊர்காவற்றுறையிலிருந்து லியோன் வந்தார்.

லியோன் மீன்பிடி லோஞ்சுப் படகுகளின் டீசல் எஞ்சின் திருத்துகிறவர். தம்மிடம் வந்த எஞ்சின் எதுவும் கடலில் நின்றதில்லை என்று அவர் சொல்லுவார். கரையில் நின்றவற்றைப் பற்றி அவர் பேசுவதில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து, எஞ்சினின் மூடியான பொனற்றைத் திறந்து, கழிபட்ட வாடகைக்கார் ஒன்றின் கார்பரேற்றரைக் கொண்டுவந்து பொருத்திப் பூட்டினார். பின்னாலிருந்த மின்சாரப் பம்பை அப்படியே விட்டார். திரும்பு குழாயின் பின்பாதி துருவில் உதிர்ந்து போயிருந்ததால், முன்பாதியை வெட்டி, பூவரசங்கட்டை ஒன்றைச் சீவி அதன் வாயில் அடித்து இறுக்கினார்.

அதை ஏன் அடைக்கிறீர் என்று ஆழ்வாப்பிள்ளையர் சற்றுக் கவலையோடு கேட்டார். தத்துவமல்லவா அடைபடுகிறது.

“ஐயா, டீசல் மரியாதை தெரிஞ்ச சாமான். மிச்சத்தைத் திருப்பித் தரும். கார்பரேற்றர் வாங்கினதைத் தராது. பிறகேன் குழாய்?” என்றார் லியோன்.

கார்பரேற்றர் வாங்கினதைத் தராது என்பது உண்மைதான். ஆனால் அது கொள்ளக்கூடியதைவிடக் கூடுதலாக அந்தப் பம்ப் தள்ளும் என்பதையும், அடைத்த குழாய்க்குள் மிச்சம் போக இடமில்லாமல் கிண்ணம் வழியும் என்பதையும் லியோன் யோசிக்கவில்லை. கார் ஓடியது. கொஞ்சத் தூரம் ஓடியதும் கிண்ணம் வழிந்து எஞ்சின் பெற்றோலில் மூழ்கி நின்றது. ஓட்டிவந்த லியோன் இறங்கி, பம்பின் வயரைக் கழற்றி, உள்ளே இருப்பதை எஞ்சின் குடித்து முடிக்க விட்டு, மறுபடி பூட்டினார். பிறகு மறுபடி ஓடியது. இதற்கு அவர் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு காரணம் சொன்னார்: ஒருநாள் பிளக், ஒருநாள் சோளகக் காற்று, ஒருநாள் பெற்றோலில் மண்ணெண்ணெய்.

இஞ்செக்சன் போய்விட்டது என்பதை வெளியில் சொல்வதில்லை என்று வீட்டில் முடிவாயிற்று. பட்டயம் பின்னால் அப்படியே இருந்தது. துருப்பிடித்த சக்கர மூடிகளுக்கு லியோன் வெள்ளிப் பெயின்ற் அடித்துக் கொடுத்தார். அது மிக நன்றாக அமைந்துவிட்டதால் ஆழ்வாப்பிள்ளையர் மிச்சப் பெயின்ற் ரின்னைத் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில்தான் மீனலோசனிக்குச் சம்பந்தம் வந்தது.

மீனலோசனி ஆழ்வாப்பிள்ளையரின் மூத்தவள், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். அவளுக்கு முன்பு இரண்டு சம்பந்தங்கள் வந்து குலைந்திருந்தன. இரண்டையும் குலைத்தது அவளுடைய தகப்பனின் வாய். முதலாவது, தங்கள் கிணற்றுத் தண்ணீர் நோய் மாற்றும் என்று அவர் சொல்லி, மாப்பிள்ளையின் தாய் அதைக் குடித்த அன்று. இரண்டாவதைக் குலைத்தது ஒரு செம்பு. வீட்டில் நிறம் தெரியாமல் கறுத்துப்போன ஒரு பெரிய செம்பு இருந்தது. அது ஒல்லாந்தத் தேசாதிபதி தம்முடைய பாட்டனாரின் பாட்டனாருக்குக் கொடுத்த வெள்ளிச் செம்பு என்று ஆழ்வாப்பிள்ளையர் சொல்ல, மாப்பிள்ளையின் மாமன் அதைத் தட்டாரிடம் கொடுத்து உரசிப் பார்க்கலாமா என்று கேட்டார். அவமதிப்பு என்று ஆழ்வாப்பிள்ளையர் எழுந்துவிட்டார். செம்பை யாருக்கும் கையில் கொடுக்காமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

மூன்றாவது மாப்பிள்ளை, புளியங்கூடல் ஐயாத்துரையரின் மகன் தில்லைநாதன். மீனலோசனி அவனை நயினாதீவுத் திருவிழாவுக்குப் போன லோஞ்சில் கண்டிருக்கிறாள். அன்று கடல் கொந்தளிப்பு. அவள் சத்தி எடுத்தபோது குடையைப் பிடித்து மற்றவர்களுக்கு மறைத்தவன் அவன். அதற்குப் பிறகு நாலைந்து கடிதங்கள். இந்தச் சம்பந்தம் தானாக வந்ததென்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். தில்லைநாதன் கொழும்பில் ஓர் எஞ்சினியர் கந்தோரில் களஞ்சியப் பொறுப்பாளன். ஐயாத்துரையர் இதைச் சொல்லும்போது கந்தோரையும் களஞ்சியத்தையும் விட்டுவிடுவார். மீனலோசனிக்கு அது தெரியும், அவனே சொல்லியிருந்தான்.

ஐயாத்துரையர் இளைப்பாறிய ஓவசியர். தெருப் போடுகிற இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நெடுங்காலம் நின்றபடியால் இயந்திரங்கள் எல்லாம் தமக்குத் தெரியும் என்பது அவருடைய எண்ணம். சீதனப் பேச்சில் வீடு வளவைப் பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. “காணி எல்லாரும் குடுக்கினம். இஞ்செக்சன் ஆர் குடுப்பினம்?” என்றார். அந்தக் கார் தம்முடைய எஞ்சினியர் மகனுக்கு என்று ஒப்புக்கொண்டால் மற்றது ஒன்றும் பேச வேண்டாம் என்றார். இஞ்செக்சன் இல்லையென்று பிறகு தெரிந்தால் மாலையைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று, சிரித்துக்கொண்டு, ஆனால் இரண்டு தரம் சொன்னார்.

மீனலோசனி தம்பி குலசிங்கத்தைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாள். குலசிங்கம் வங்கியில் வேலை செய்பவன். கல்யாணத்தில் மாப்பிள்ளையை அழைத்துவந்து கால் கழுவும் தோழன் அவன்தான்.

“தம்பி, தாலி ஏறுமட்டும் அந்தக் காரின்ர பொனற்றை ஒருத்தரும் திறக்கப்படாது. ஐயாவின்ர வாயையும். இரண்டையும் நீதான் பார்க்கவேணும்” என்றாள்.

அவன் ஓமென்றான்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் கல்யாணம். தோழனும் லியோனும் காரில் புளியங்கூடலுக்குப் போய் மாப்பிள்ளையை அழைத்து வருவதென்று ஏற்பாடு. ஆழ்வாப்பிள்ளையர் விடியவே அலுமாரியைத் திறந்து வெள்ளிச் செம்பை வெளியில் எடுத்தார். மாப்பிள்ளையின் கால் கழுவுவதற்கான செம்பு வீட்டு வாசலில் இருந்தால் போதும். ஆனால் அதைத் தாம்பாளத்தில் வைத்து, காரில் முன்னால் ஏற்றி, புளியங்கூடல்வரை கொண்டுபோய்க் காட்டி, மாப்பிள்ளையோடு திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றார். செம்பு அன்று என்றுமில்லாத பளபளப்போடு இருந்தது. மனைவி பரிமளம் எதையோ சொல்ல வாயெடுத்து, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

போகும்போது லியோன் வேலணையில் ஒருதரம் நிறுத்தி வயரைக் கழற்றிப் பூட்டினார். யாரும் பார்க்கவில்லை. திரும்பும்போதுதான் சிக்கல். மாப்பிள்ளை ஏறிய வாகனம் பெண்வீட்டு வாசலில்தான் நிற்க வேண்டும்; இடையில் நிற்கக்கூடாது. ஐயாத்துரையர் அதைப் புறப்படும்போதே பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்த தம்முடைய உறவினருக்கெல்லாம் கேட்கச் சொன்னார். சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறாமல், காரின் முன் ஆசனத்தில் லியோனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். இஞ்செக்சனின் ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமாம்.

ஆகவே லியோன் வேலணையில் நிறுத்தவில்லை. கார் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறி, இரண்டு பக்கமும் கடலாக நடுப்பகுதிக்கு வந்ததும் இருமியது. கறுப்புப் புகை விட்டது. நின்றது. பாலம் ஒடுக்கம், பின்னால் வந்த பஸ்ஸும் நின்றது. உச்சி வெயில்.

“நிற்கேல்லை. மூச்சு விடுது” என்றார் லியோன்.

அவர் இறங்கிப் பொனற்றைத் திறந்தார். குலசிங்கம் தடுக்க ஓடுவதற்குள் ஐயாத்துரையர் இறங்கி அவருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கார்பரேற்றர் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், வழிந்து ஒழுகிக்கொண்டு, வெட்கமில்லாமல் இருந்தது. குலசிங்கத்துக்கு அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது.

ஐயாத்துரையர் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“இதுதானே இஞ்செக்சன்” என்றார்.

லியோன் குலசிங்கத்தைப் பார்த்தார். குலசிங்கம் கடலைப் பார்த்தான்.

“ஓம், ஓவசியர் ஐயா. உங்களுக்குச் சொல்லவும் வேணுமே” என்றார் லியோன்.

ஐயாத்துரையர் மகனைக் கூப்பிட்டு, எஞ்சினியர் என்ற முறையில் அபிப்பிராயம் கேட்டார். தில்லைநாதன் தலைப்பாகையோடு வந்து பார்த்தான். பெற்றோல் வெளியே வருகிறதென்றால் உள்ளே கூடிப்போய்விட்டது என்று சொன்னான். களஞ்சியத்தில் இருப்பவன் வேறெப்படிச் சொல்லுவான். அந்தக் காருக்குக் கார்பரேற்றர் பூட்டிய நாளிலிருந்து அதைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் சரியான வார்த்தை அதுதான். லியோனுக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. தமக்கு முதலே விளங்கியது போன்ற ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, குறட்டால் பிடித்துப் பூவரசங்கட்டையைப் பிடுங்கினார். பெற்றோல் பீறிட்டது. திரும்ப வேண்டியது திரும்பத் தயாராக இருந்தது. திரும்புவதற்குத்தான் குழாயின் பின்பாதி இல்லை.

லியோன் லோஞ்சுக்கென்று வைத்திருந்த றப்பர்க் குழாயை அந்த வாயில் மாட்டி, கம்பியால் நெரித்து ஒழுக்கை மெல்லியதாக்கி, பொனற்றின் ஓரத்தால் எடுத்து முன்பக்க யன்னலுக்குள் விட்டார். இனி அதைப் பிடிக்க ஒரு பாத்திரம் வேண்டும். பஸ்ஸில் பாயும் பனையோலைப் பெட்டியும் சனமும் இருந்தன. பெற்றோல் நிற்கக்கூடிய பாத்திரம் ஒன்றும் இல்லை. காரில் ஒன்று இருந்தது.

குலசிங்கம் அதைத் தன் மடியில் வைத்துக்கொள்ளக் கேட்டான். குழாய் பின் ஆசனம்வரை எட்டவில்லை. ஐயாத்துரையர் செம்பைத் தாமே வாங்கித் தம்முடைய மடியில் வைத்துக்கொண்டார். இதுதானா அந்தத் திரும்பி வருகிற பெற்றோல் என்று கேட்டார். ஓமென்றதும் அவருடைய முகம் மலர்ந்தது. கார் புறப்பட்டது, இம்முறை அருமையாக. செம்புக்குள் பெற்றோல் சொட்டியது. கொஞ்சத் தூரம் போனதும் அவர் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

“தம்பி, பாத்தனீரே. போகேக்கை சும்மா பெற்றோல். திரும்பி வரேக்கை என்ன மினுக்கம். வெள்ளி மாதிரி” என்றார் பின்னால் திரும்பி.

உண்மையாகவே அது வெள்ளியாக மினுங்கியது. குலசிங்கம் பின்னாலிருந்து அதை எட்டிப் பார்த்தான். ஐயாத்துரையர் சந்தோஷத்தில் ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்தார். லியோன் ஒரு கையால் அதைப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்தார். அன்றைய நாளில் மரியாதைக் குறைவாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

இறுப்பிட்டிக்குக் கிட்ட வரும்போது செம்பு நிறைந்துவிட்டது. வெளியே ஊற்றிவிடும்படி குலசிங்கம் கெஞ்சினான். ஐயாத்துரையர் மறுத்தார். கார் சீதனமென்றால் கார் தருவதும் சீதனம். மகனுக்குச் சேர வேண்டிய சொத்தைத் தெருவில் ஊற்ற ஏலாது என்றார். ஆகவே மேளம் முழங்க, கார் வாசலில் நிற்க, அவர் நிறைசெம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சுவாமி இறங்குவதுபோல இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்தது வெகு விரைவாக நடந்தது. ஆழ்வாப்பிள்ளையர் சம்பந்தியைக் கட்டிப்பிடிக்க வந்தார். கட்டிப்பிடிப்பதற்கு இடைஞ்சலாக இருந்த செம்பைப் பரிமளம் வாங்கினாள். நிறைய நீரோடு இருக்கிறதே என்று மெச்சினாள். அன்று அந்தக் காரைச் சுற்றி எல்லாமே பெற்றோலாகத்தான் மணத்தது. செம்பு மட்டும் தனியாக மணக்கவில்லை. அவள் அதைத் தோழனின் கையில் கொடுத்தாள். மாப்பிள்ளை பலகையில் ஏறி நின்றான். ஆழ்வாப்பிள்ளையர் சம்பந்தியின் தோளுக்கு மேலால் உரத்துச் சொன்னார்:

“குலசிங்கம், ஒல்லாந்தர் தந்த வெள்ளிச் செம்பாலை அத்தானின்ர காலைக் கழுவு.”

அந்த இடத்தில் அது பெற்றோல் என்று தெரிந்தவர்கள் நான்கு பேர். லியோன் சொல்லவில்லை, சொன்னால் கட்டையின் கதை வரும். ஐயாத்துரையர் சொல்லவில்லை, சம்பந்தியின் அணைப்புக்குள் நின்றுகொண்டு, மடியில் பெற்றோல் வைத்துக்கொண்டு வந்தேன் என்று எப்படிச் சொல்வது. குலசிங்கம் சொல்லவில்லை; பெற்றோல் செம்புக்குள் ஏன் வந்தது என்று கேட்பார்கள், பொனற்றைத் திறப்பார்கள், அக்கா மறுபடி பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போவாள். அவன் குனிந்து ஊற்றினான்.

நான்காவது ஆளான தில்லைநாதன் மேலிருந்து மெல்லக் கேட்டான்: “மச்சான், இது தண்ணியில்லை என்ன?”

“இல்லை அத்தான். பேசாமல் நில்லுங்கோ.”

“உம்மட அக்காவுக்குத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்ப ஊத்தும்” என்றான் எஞ்சினியர்.

அவன் தன் மோதிரத்தைக் கழற்றி வழக்கப்படி மைத்துனனின் விரலில் போட்டான். அதுவரைக்கும் நல்லதுதான். அடுத்ததாக, இரண்டு சுமங்கலிகள் திரி கொளுத்திய தட்டத்தோடு ஆராத்தி எடுக்க முன்னால் வந்தார்கள். குலசிங்கம் எழுந்தான். வங்கியில் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லும் அதே குரலில், பொறுங்கோ, எங்கட பக்கத்தில் மூன்று தரம் கழுவ வேணும் என்றான். அப்படியொரு வழக்கம் இறுப்பிட்டியில் ஒருகாலமும் இருந்ததில்லை. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஆழ்வாப்பிள்ளையர், தமக்குத் தெரியாத ஒரு பழைய வழக்கம் தம்முடைய வீட்டிலேயே இருப்பதைக் கண்டு, ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

“புளியங்கூடலிலையும் அப்பிடித்தான். நாங்கள் அஞ்சு தரம்” என்றார் ஐயாத்துரையர்.

ஐந்து வாளி தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது. வாசல் சேறாகியது. மாப்பிள்ளையின் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. திரிகள் வந்து, சுற்றி, ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போயின. வண்ணான் நிலத்தில் விரித்த வெள்ளைத் துணியான நிலபாவாடையில் தில்லைநாதன் நடந்து மணவறைக்குப் போனான். ஐயாத்துரையர் பந்தலில் அமர்ந்து, இஞ்செக்சனை நேரில் பார்த்த கதையைத் தொடங்கியிருந்தார். அதன் மினுக்கத்தைச் சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

மீனலோசனி முறைப்படி தலை குனிந்தபடி மணவறைக்கு வந்தாள். தலை குனிந்தபடியால் அவள் முதலில் கண்டது நிலபாவாடையை, பிறகு அதில் வரிசையாகப் பதிந்திருந்த பாதங்களை, பிறகு மாப்பிள்ளையின் காலை. அந்த வெள்ளி நிறம் அவளுக்குத் தெரியும். வேப்பமரத்தின் கீழ் நின்ற காரின் நான்கு சக்கர மூடிகளில் பார்த்திருக்கிறாள். அவள் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அவன் தாலித் தட்டத்தை ஐயரிடம் கொஞ்சம் விரைவாகவே நீட்டினான். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

பின்னேரம் பரிமளம் செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அது பித்தளை.